தொட்டிமேட்டில் பத்து சென்ட்

அத்தியாயம் 3

காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தால் செந்தமிழ்ச்செல்விக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் காசிநாதன் அவள் மேஜையில் பரப்பி வைத்த காகிதங்கள் ரொம்பவே சரியாக இருந்தன. பட்டா, நிலத்தை விற்கும் பச்சையம்மாள் பெயரில் இருந்தது. அதாவது, நிலம் இன்று அந்த அம்மாளுடையது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்கிறது. முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு வில்லங்கமும் இல்லை. அதாவது, நடுவில் யாரும் அதை அடகு வைக்கவில்லை, இரண்டு பேருக்கு விற்கவும் இல்லை. புலப்படத்தில் நான்கு மூலைக்கும் கல் குறித்திருந்தது. அந்தக் கற்கள் தரையிலும் அதே இடத்தில் இருக்கின்றன என்று தாலுகா சர்வேயர் ஏற்கெனவே அளந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"காகிதம் பொய் சொல்லாது சார். ஆனா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்றாள் செல்வி. பத்தொன்பது வருடம் சர்வேயராக இருந்துவிட்டு வேலையை விட்டவள். இப்போது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், 'மனை வாங்குமுன் விசாரிக்க' என்று பலகை மாட்டியிருக்கிறாள். "இந்தக் காகிதத்துகிட்ட நாம கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. இவ்ளோ நல்ல எடத்தை முன்னாடி மூணு பேர் பார்த்துட்டு ஏன் ஓடினாங்க?"

காசிநாதன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவர் சட்டைப்பை அலறியது.

"லைன்மேன் சாருங்களா? துருகம் ரோட்ல அரை மணி நேரமா கரண்ட் இல்லீங்க!"

"யம்மா, நான் ரிட்டையர் ஆயி ரெண்டு மாசம் ஆச்சும்மா."

"அது பரவால்லீங்க சார். எப்ப வரும்?"

முப்பத்தோரு வருடம் மின்வாரிய லைன்மேன். ஊரில் பாதி வீட்டு மீட்டர் பெட்டியின் மூடியில் அவர் எண்ணை மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு மூன்று முறை எண்ணை மாற்றினார். பயனில்லை. அழைத்துப் பார்த்துக் கிடைக்காதவர்கள் நேரே வீட்டுக்கு வந்து புது எண்ணைக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"அதான் மேடம் தொட்டிமேடு" என்றார், போனை வைத்துவிட்டு. கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. "கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரம். ரோட்டுல இருந்து வூடுங்க வரைக்கும் ஊர் முழுக்க டவரே கிடையாது. இருபத்தெட்டு வருஷமா ஒம்போது வாடகை வூடு. எல்லாத்துலயும் நான் லைன்மேன்னு தெரிஞ்சுதான் வூடு குடுத்தாங்க. கடைசியா ஒரு சொந்த வூடு, அதுல ஒரு போன் வரக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல."

"இதுவரைக்கும் எத்தனை எடம் பாத்தீங்க சார்?" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். செல்வியின் உதவியாளன் இருசப்பன். ஐம்பது வயது. இருபது வருடம் நிலத் தரகனாக இருந்தவன். எந்தப் பொய்யை எந்த இடத்தில் சொல்வார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. பெரும்பாலானவற்றை முதலில் சொன்னவனே அவன்தான்.

"முப்பத்தொண்ணு பார்த்தேன். இது முப்பத்திரண்டாவது."

"கலியாணத்துக்குப் பொண்ணு பாத்தப்போ?"

"மொதல் பொண்ணே தங்கமணிதான்."

"அந்த அவசரத்தை இங்கயும் காட்டியிருந்தீங்கன்னா, எங்களுக்கு வேலையே இல்ல."

தங்கமணி என்ற பெயர் வந்ததும் காசிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். கிரயம் தங்கமணி பெயரில்தான். மூன்று மணிக்கு டோக்கன். அந்த அம்மாள் காலையிலேயே சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பத்திரம் எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பச்சையம்மாள் பதினொரு மணி பேருந்தில் அங்கே வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டே முக்கால் வரை காசிநாதனிடமிருந்து 'வேண்டாம்' என்று போன் வராவிட்டால் கையெழுத்து.

"'வேண்டாம்'னு சொன்னா?" என்றாள் செல்வி.

"ஊருக்குள்ள இன்னொரு மனை பேசி வெச்சிருக்கா. சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே அதுக்கு டோக்கன் போட்டுடுவா." காசிநாதன் குரல் தாழ்ந்தது. "மின்வாரிய ஆபீஸ் பின்சுவத்தை ஒட்டின மனை மேடம்."

இருசப்பன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தான்.

*

பழைய ஆம்னி வண்டி கச்சிராயபாளையம் சாலையில் ஓடியது. இரு பக்கமும் கரும்பு, அப்புறம் மரவள்ளி, அப்புறம் மக்காச்சோளத்தைக் காயப் போட்டதால் பாதியாகிவிட்ட தார்ச்சாலை. எதிரே கல்வராயன் மலை வர வர உயர்ந்தது.

"மேல மலையிலயே நல்ல எடம் இருக்குன்னு ஒரு புரோக்கர் சொன்னான் மேடம்" என்றார் காசிநாதன்.

"அது அங்க இருக்கற மலைஜனங்களோட நிலம் சார். அதை வாங்கித் தர்றேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் வண்டியில இருந்து எறங்கிடணும். அடிவாரத்தோட நின்னீங்களே, அதுவே பாதிப் புத்திசாலித்தனம்."

"அந்தப் புரோக்கர் நான் இல்லீங்க" என்றான் இருசப்பன், யாரும் கேட்காமலே.

ஓடிப்போன மூன்று பேரையும் அவன் காலையிலேயே விசாரித்திருந்தான். தியாகதுருகத்து வாத்தியார், அங்கே பாம்பு ஜாஸ்தி என்று கேள்விப்பட்டு ஓடியவர். திருக்கோவிலூர் அரிசிக் கடைக்காரர், யானை இறங்கும் என்று கேள்விப்பட்டு ஓடியவர். மூன்றாவது ஒரு ஓய்வு பெற்ற கண்டக்டர். மனையில் முனி நடமாட்டம் என்று கேள்விப்பட்டதும் சட்டை நனைந்த வியர்வையோடு கடைசிப் பேருந்தைப் பிடித்தவர்.

"மூணு காரணம், மூணு விதம். ஆனா ஒரு விஷயம் ஒண்ணு போல இருக்கு மேடம். மூணு பேரும் ஓடறதுக்கு முன்னாடி ஒரே கடையில டீ குடிச்சிருக்காங்க."

"அப்ப நமக்கும் தாகமா இருக்கு" என்றாள் செல்வி.

ஒரு வளைவு திரும்பியது. இருசப்பனின் போனில் கோடுகள் மூன்றாகி, ஒன்றாகி, காணாமல் போயின. காசிநாதன் வழக்கம்போல அந்த வளைவிலேயே தன் போனை அணைத்துப் பையில் போட்டார். 'இல்லாத டவரைத் தேடியே சார்ஜ் தீர்ந்துடும்' என்பது அவர் கணக்கு, அது உண்மையும்கூட. டவர் கிடைக்காத போன் சும்மா இருக்காது, இன்னும் பலமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனை அணைத்ததும் காசிநாதன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்கியவர் போல உட்கார்ந்தார்.

*

தொட்டிமேட்டின் டீக்கடை சாலையோரமே இருந்தது. நாற்பது வயதுக் கண்ணகி அதன் முதலாளி, டீ மாஸ்டர், செய்தித்தாள் எல்லாம்.

"இன்னா சார், மறுபடியும் வந்துட்டீங்க? பச்சையம்மா எடத்துக்கா?" டீயை ஆற்றும் வேகம் குறைந்தது. "எனக்கு இன்னாத்துக்கு வம்பு. ஆனா அங்க பாம்பு ஜாஸ்தி."

"எந்தப் பாம்பும்மா?" என்றாள் செல்வி.

"எல்லாப் பாம்பும்தான்."

"யானைகூட வருதாமே?" என்றான் இருசப்பன். "கல்வராயன்ல யானை ஏதும்மா?"

"எறங்கும்னுதான் சொன்னேன். எறங்குச்சுன்னு சொன்னேனா?"

இருசப்பன் அவளைத் தொழில் மரியாதையோடு பார்த்தான். "யம்மா, நீ புரோக்கர் வேலைக்கு வந்திருந்தா நாங்கல்லாம் மாடு மேய்ச்சிக்கினு இருந்திருப்போம்."

"முனிதாங்க நெசம்" என்றாள் கண்ணகி, குரலைத் தாழ்த்தி. "போன வாரத்துல இருந்து சாமியே எழுந்து நிக்குது. போயி உங்க கண்ணாலயே பாருங்க. வூடு கட்டணும்னு நெனைச்சாலே காய்ச்சல் வருதாம்."

"பார்த்துடலாம்" என்ற செல்வி, வெறுமையாக இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். "வடை இல்லையா?"

"இல்லீங்க. மாவு ஆட்டல."

"இன்னிக்கா?"

"ஒரு வாரமா" என்றாள் கண்ணகி. பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

பச்சையம்மாளின் பத்து சென்ட் சாலையிலிருந்து இருநூறு அடி உள்ளே. மூன்று பக்கம் உளுந்து விதைத்த நிலம், பின்னால் மலை. மனையின் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டைப் பாறை. இதையெல்லாம் காசிநாதன் நான்கு முறை எல்லைக் கற்களை ஒட்டிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். பாறை மேல் ஏறியதில்லை. முட்டி வலி.

பாறைக்கு முன்னால் சாமி நின்றது. கறுப்புக் கல், மேலே குறுகி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு கொத்துச் செவ்வந்திப் பூவோடு.

இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "தப்பா எதுவும் நெனைக்கல சாமி. நான் சம்பளத்துக்கு வந்தவன்."

செல்வி குனிந்து தரையைப் பார்த்தாள். சாமியின் அடியிலிருந்து ஒரு எறும்பு வரிசை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. படையல் எதுவும் இல்லை. பொரி இல்லை, வாழைப்பழம் இல்லை. எறும்பு வெறும் கல்லை மதிக்காது.

"எறும்புக்கு இங்க இன்னா வேலை இருசப்பா?"

"பக்தி மேடம்."

செல்வி பூங்கொத்தை மெதுவாக எடுத்தாள். சாமியின் உச்சியில் வட்டமாக, ஆழமாக ஓர் ஓட்டை இருந்தது.

"சாமிக்குத் தலையில ஓட்டை மேடம்!"

"கம்பி மாட்டற ஓட்டை. மோந்து பாரு."

இருசப்பன் தயங்கி முகர்ந்தான். அவன் முகத்தில் பயம் போய்ப் பசி வந்தது. "உளுந்து!"

"கிரைண்டர் குழவி. எவ்ளோ கழுவினாலும் கல்லுல இருக்கற கண்ணுக்குத் தெரியாத பள்ளத்துல மாவு தங்கிடும். அது நமக்குத் தெரியாது, எறும்புக்குத் தெரியும். குழவி இங்க வந்து ஒரு வாரம், கடையில வடை நின்னும் ஒரு வாரம்."

காசிநாதன் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "அப்ப முனி இல்ல. எடம் நல்ல எடம்தான்!"

"எடம் நல்ல எடம்தான் சார். அதான் கேள்வியே. ஒரு வாரம் வடை வியாபாரத்தை விட்டுட்டு ஒருத்தி வெரட்டறான்னா, அவளுக்கு இங்க எதுவோ வடையை விடப் பெருசா இருக்கணும்."

அவள் பாறையைச் சுற்றி நடந்தாள். தரையில் ஒரு தடம் இருந்தது. நடந்து நடந்து புல் செத்துப் போன, ஓர் அடி அகலத் தடம். ஒரு தடத்தைப் படிப்பது கடினமில்லை. தண்ணிக் குடத்தோடு போகிறவர்கள் நேராகப் போவார்கள். பாரம் வளைய விடாது. மாடு வாய்க்குக் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு கோணலாகப் போகும். இந்தத் தடம் எங்கேயும் போகவில்லை. சாலையிலிருந்து பாறைக்கு வந்து, பாறையையே சுற்றிச் சுற்றி வந்தது.

"பிரதட்சிணம்!" என்றான் இருசப்பன். "குழவி வேணா போலியா இருக்கலாம். பாறை நெசமான சாமி."

"காலடியைப் பாரு. இது வலமா சுத்தியிருக்கு. இதே எடத்துல இது இடமா சுத்தியிருக்கு. இது பாதி சுத்தி, நின்னு, திரும்பியிருக்கு. இந்த ஊர்ல யாராவது சாமியை இடமா சுத்துவாங்களா?"

இருசப்பன் யோசித்தான். "மாமியாருக்காக வேண்டிக்கினா?"

செல்வி பாறையின் பக்கவாட்டைக் காட்டினாள். கரித்துண்டால் எண்கள் கிறுக்கியிருந்தன. 482913. 077450. 915326. பத்துப் பதினைந்து வரிசைகள், சில அழிந்தும் சில புதிதாகவும். பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு மூட்டை, ஒரு பீப்பாய்.

"புதையல் மேடம்! பீப்பா பீப்பாவா இருக்குது!"

"எண்ணைப் பாரு. எல்லாம் எத்தனை இலக்கம்?"

"ஆறு. பின்கோடு!"

"நம்ம பக்கத்துப் பின்கோடுன்னா ஆறுல ஆரம்பிக்கணும். இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒண்ணு சைபர்ல ஆரம்பிக்குது." செல்வி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். அவள் பார்வை காசிநாதன் மேல் ஒரு கணம் பட்டு, இரக்கத்தோடு விலகியது. "சார், நீங்க அந்த எல்லைக் கல்லு மேல கொஞ்சம் உக்காருங்க."

"ஏன் மேடம்?"

"உக்காந்துடுங்க. இருசப்பா, பாறை மேல ஏறு."

இருசப்பன் முனகிக்கொண்டே ஏறினான். உச்சியில் நின்று இடுப்பில் கை வைத்து, "காத்து நல்லா வருது மேடம், இங்கயே ஒரு பாயைப் போட்டா..." என்று ஆரம்பித்தான்.

டிங் என்றது அவன் சட்டைப்பை.

பிறகு டிங் டிங் என்றது. பிறகு நிறுத்தாமல் பதினேழு முறை. கடன் வேண்டுமா என்று ஒரு வங்கி. தக்காளி வாங்கி வரச் சொல்லி மனைவி. தக்காளி எங்கே என்று மனைவி. கடைசியாக முழு மணியே அடித்தது.

"நாலு கோடு மேடம்!" என்று கத்தினான் இருசப்பன். "எங்க வூட்டு மாடியிலகூட ரெண்டுதான்!"

முப்பத்தோரு வருடம் கம்பத்தில் ஏறி ஒரு முறைகூட ஷாக் அடிக்காத காசிநாதனுக்கு அப்போது அடித்தது. எல்லைக் கல்லில் உட்கார்ந்திருந்ததால் கீழே விழவில்லை.

"டவரா?" என்றார். "என் வூட்லயா?"

"சரியா சொன்னா, உங்க ஹால்ல" என்றாள் செல்வி.

பிறகு பொறுமையாக விளக்கினாள். டவர் கோமுகி அணைப் பக்கம் இருக்கிறது. அதற்கும் ஊருக்கும் நடுவே மலையின் தோள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. போன் அலையும் வெயில் மாதிரிதான், முன்னால் மலை நின்றால் பின்னால் நிழல் விழும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது தரையெல்லாம் நிழலாகிவிடும். தென்னை மர உச்சியில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் நிற்கும். தொட்டிமேடு முழுக்க நிழல். இந்தப் பாறை மட்டும் தென்னை உச்சி.

"மேல ஒருத்தர் போன் பேசும்போது, கீழ முறைக்குக் காத்திருக்கறவங்க ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க சார். சுத்திச் சுத்தி நடப்பாங்க. பொறுமை போனா திரும்பி நடப்பாங்க. அந்தத் தடம்தான் இது. ஆறு இலக்கம், போன்ல வர்ற ரகசிய எண். மூட்டை, ரேஷன். பீப்பா..."

"கேஸ் சிலிண்டருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்ணகி நின்றாள். அவள் பின்னால் ஐந்தாறு பேர். ஒருவர் கையில் எட்டு போன்கள், பூக்காரம்மா பூப்பந்து வைத்திருப்பது போல.

"ஊர்ல பாதிப் பேரு வேலைக்குப் போயிடுவாங்க மேடம். அவங்க போனை எல்லாம் ஒருத்தர் எடுத்துக்கினு வந்து இங்க நிப்போம். எதுல எந்த நம்பர் வந்துச்சுன்னு மறந்துடும், அதான் கரியில எழுதறது. என் வூட்டுக்காரரு கத்தார்ல இருக்காரு. மூணு வருஷம் ஆச்சு. அவரு மூஞ்சைப் பாக்கணும்னா இந்தப் பாறைதான். இதைச் சுத்தி ஒருத்தர் சுவரு எழுப்பிட்டா நாங்க எங்க போறது?" அவள் குழவியைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள். "முனிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினுதான் வெச்சேன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா, ஆகா டவர் இருக்குதான்னு ஜாஸ்தி வெலை குடுத்தாவது வாங்கிடுவாங்களே! டவர் வேணாம்னு ஒருத்தர் உலகத்துல இருப்பாருன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எல்லோரும் காசிநாதனைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு முப்பத்தாறு.

"தங்கமணி!" என்று எழுந்தார். கள்ளக்குறிச்சிக்கு முக்கால் மணி நேரப் பயணம். அதற்குள் கையெழுத்தே காய்ந்துவிடும். போன் பேச ஒரே இடம்தான் இருந்தது. முட்டி வலியோடு அவர் பாறையில் கை வைத்தார்.

"சார், வரிசை" என்றாள் கண்ணகி.

"இன்னாது?"

"மொதல்ல அஞ்சலை வூட்டு கேஸ் நம்பரு. அது மூணு நிமிஷத்துல செத்துடும். அப்புறம் நானு. அப்புறம் நீங்க."

"யம்மா, அவரு எடத்தை வாங்காம இருக்கறதுக்குத்தான் ஏறப் போறாரு!" என்று மேலேயிருந்து கத்தினான் இருசப்பன். வரிசை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆறு பேரும் சேர்ந்து காசிநாதனைத் தூக்கிப் பாறை மேல் வைத்தார்கள்.

அவர் போனை உயிர்ப்பித்தார். இருபத்தாறு தவறிய அழைப்புகள். கண்ணை மூடிக்கொண்டு மனைவியை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்கீங்க? கூப்பிடப் போறாங்க!" என்றது தங்கமணியின் குரல்.

"தங்கமணி, கையெழுத்து போடாத. இங்க டவர் கிடைக்குது!"

"ஏங்க, உங்களுக்கு வெயில் ஏறிடுச்சா?"

செல்வி நாலே வாக்கியத்தில் விளக்கினாள். மறுமுனையில் வேறொரு குரல் பாய்ந்தது. பச்சையம்மாள்.

"கண்டுபுடிச்சிட்டாங்களா? ஐயோ, போச்சே! ஏண்டி கண்ணகி, அங்கதான நிக்கிற? எல்லாம் உன்னாலதாண்டி!"

"யக்கா, நீ ஏன்க்கா எடத்தை விக்கிற?"

"விக்காம? நாலு போகம் உளுந்து வெதைச்சேன், நாலும் உங்க காலு கீழ போச்சு. அதுகூட போவட்டும். என் வூடு அந்தப் பாறைக்குக் காது கேக்கற தூரம். யாரு மருமவ யாரை இன்னா சொன்னா, யாரு புருஷன் எங்க கோவிச்சிக்கினு போனான், எல்லாக் கதையும் எனக்குத்தான் கேக்குது. ஒரு நாளு மத்தியானம் கண்ணை மூட முடியல. கோயில்ல உங்களைப் பாத்தா எனக்கே கூச்சமா இருக்குதுடி!"

பாறையடியில் நின்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்ப சரி" என்றது தங்கமணியின் குரல், தீர்மானமாக. "இது வேணாம். நாளைக்கு அந்த மின்வாரிய ஆபீஸ் மனைக்கு..."

முப்பத்திரண்டு மனை. காசிநாதன் கீழே மலைநிழலில் கிடந்த ஊரைப் பார்த்தார். பாறையைத் தவிர எல்லா இடமும் அவருக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. இந்த ஊரில் தப்பான ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து டோக்கன் போட்டிருக்கிறார்.

"ஒரு நிமிஷம்மா" என்றாள் செல்வி. கண்ணகி பக்கம் திரும்பினாள். "இந்த ஊர்லயே டவர் ரொம்பக் கம்மியா இருக்கற எடம் எதும்மா?"

"அதை இன்னாத்துக்கு மேடம் கேக்கறீங்க, வயிறு எரியுது. எங்க கடைக்குப் பின்னால எங்க மாமனார் மனை. பன்னெண்டு சென்ட். மலைத்தோளுக்கு நேர் கீழ. அங்க டவரு மட்டும் இல்ல, ரேடியோகூட எடுக்காது. மூணு வருஷமா விக்கப் பாக்கறேன். வந்தவங்க எல்லாம் போனை எடுத்துப் பாத்துட்டுப் பேசாம போயிடறாங்க."

இருசப்பன் பாறை மேல் மெல்ல உட்கார்ந்தான். "கண்ணகி எடத்துல டவரு இல்லன்னு வாங்க ஆளு இல்ல. பச்சையம்மா எடத்துல டவரு இருக்குன்னு வாங்க விடல. சாரு டவரு இல்லாத எடம் தேடி டவரு மேலயே வந்து உக்காந்துட்டாரு. மேடம், நான் இருபது வருஷம் புரோக்கரா இருந்தது வீண்."

செல்வி ஏற்கெனவே கேள்விகளை ஆரம்பித்திருந்தாள். "பட்டா யார் பேர்ல?"

"மாமனார் போனப்புறம் வூட்டுக்காரர் பேருக்கு மாத்தியாச்சு. நத்தம் மேடம், பழைய வூட்டு மனை."

"நல்லது. நத்தம்னா வூடு கட்டறதுக்குன்னே ஊர்ல ஒதுக்கின எடம். மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

"ரோட்டுப் பக்கம். எங்க கடைக்குள்ள வராது, பக்கத்துல ஓடிப் போயிடும்."

"செங்கல் லாரி மனை வரைக்கும் வருமா? வராதுன்னா ஒவ்வொரு கல்லையும் தலையில சுமக்கணும்."

"போன வாரம் மணல் டிராக்டரே வந்து திரும்புச்சு."

"வூட்டுக்காரர் கத்தார்ல இருந்தா, அவர் கையெழுத்துக்கு அங்க இருக்கற தூதரகத்துல அதிகாரப் பத்திரம் வாங்கணும்." செல்வி போனை நோக்கிக் குரல் கொடுத்தாள். "தங்கமணிம்மா, இன்னிக்கு எதுலயும் கையெழுத்து வேணாம். டோக்கன் போனா இன்னொரு டோக்கன் வரும். ரெண்டு மாசம் குடுங்க. வில்லங்கம் பாத்து, கல்லு அளந்து, நானே வந்து சொல்றேன்."

"ரெண்டு மாசமா?" தங்கமணி யோசிப்பது பாறை வரை கேட்டது. "மேடம், அந்த எடத்துல நெசமாவே யாரோட போனும் வராதா? என்னோடதும்?"

"உங்களோடதும் வராதுங்க."

"அப்ப என் நாத்தனார் போனும் வராது."

"வராதுங்க."

"அவங்க தெனமும் ரெண்டு மணி நேரம் பேசுவாங்க மேடம். பதினெட்டு வருஷமா." தங்கமணியின் குரல் திடீரென்று இளமையாகியிருந்தது. "ஏங்க, அதையே பேசி முடிங்க. இன்னொண்ணு, அந்தப் பாறை விஷயம் உங்க தங்கச்சிக்குத் தெரியக் கூடாது. அங்க நிக்கறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க."

"சரிங்கம்மா" என்றது வரிசை, ஒரே குரலில்.

"என் எடம்?" என்றாள் பச்சையம்மாள், மறுமுனையில்.

"யக்கா, உன் எடத்தை நான் வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்றாள் கண்ணகி. "பாறை பக்கத்துல கடையைப் போட்டுட்டா, பேச வர்றவன் எல்லாம் டீ குடிச்சித்தான ஆவணும்? உன் உளுந்துப் பக்கம் ஒருத்தன் கால் வெக்காம நான் பாத்துக்கறேன். சண்டை போடறவங்களை மெதுவா பேசச் சொல்றேன்."

"மெதுவா பேசினா எனக்கு மீதிக் கதை எப்படித் தெரியும்?" என்றாள் பச்சையம்மாள். பிறகு அவசரமாக, "சரி, சரி, வந்து பேசறேன்" என்றாள்.

காசிநாதன் பாறையிலிருந்து இறங்கினார். எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது, முட்டியை நினைக்கவில்லை. போனை இருசப்பன் கையில் திணித்துவிட்டு, டீக்கடையைத் தாண்டி, கருவேலம் முளைத்துக் கிடந்த பன்னிரண்டு சென்டுக்குள் நடந்தார். நடுவில் நின்றார். இரண்டு எட்டு இடப்பக்கம் வைத்தார், சமையலறையாக இருக்கலாம். நாலு எட்டு முன்னால் வைத்து, இல்லாத கதவு ஒன்றைத் தள்ளித் திறந்தார். அப்புறம் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சார், முள்ளு!" என்று செல்வி கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை.

பாறை மேல் இருசப்பன் கையில் அவர் போன் அலறியது. அவன் எடுத்தான்.

"லைன்மேன் சாருங்களா? கரண்ட் இன்னும் வரலீங்க!"

இருசப்பன் கருவேலஞ்செடிகளுக்கு நடுவே தெரிந்த வழுக்கைத் தலையைப் பார்த்தான். இருபது வருடத் தரகு வாழ்க்கையில் சொல்லாத ஒரு வாக்கியம் அவன் வாயில் வந்தது.

"சாரு இல்லீங்க" என்றான். "சொந்த வூட்டுல இருக்காரு."